சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: ரத்தத்தையும் பயாப்சியையும் வைத்து எத்தனை வருடம் என்று சொல்ல முடியுமா?

கீழக்கரையிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வாப்பாவுக்கு 64 வயது, எடை 54 கிலோ, நெடுநாள் சிகரெட் பழக்கம். சிறுநீரில் ரத்தம் போனதால் மதுரைக்குக் கொண்டுபோய், உள்ளே குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். தசைக்குள் இறங்கிய ஹை கிரேடு யூரோதீலியல் கார்சினோமா (பையின் உள்தோலில் தொடங்கும், வேகமான வகைப் புற்றுநோய்) என்று பயாப்சி வந்திருக்கிறது. சுரண்டிய ஐந்தாம் நாள், யூரின் டியூப் போட்டிருக்கும்போதே எடுத்த ரத்தத்தில் மொத்த வெள்ளையணு 9,800, நியூட்ரோபில் 78 சதவீதம், லிம்போசைட் 14 சதவீதம், ஹீமோகுளோபின் 9.4, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3, ரத்தப் புரதமான அல்புமின் 3.2. சிறுநீரில் சீழ் அணுக்களும் நிறைய. உறவுக்காரர் ஒருவர் 78-ஐ 14-ஆல் வகுத்து 5.6 என்று கணக்குப் போட்டு, ‘இது 3-க்கு மேல் போனால் தேறாது’ என்று சொல்லிவிட்டார். இவற்றை வைத்து இன்னும் எத்தனை வருடம் என்று சொல்ல முடியுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. பையையே எடுக்கிற அவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு இவரைக் கொண்டுபோவதில் பலன் உண்டா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்த 5.6-ஐ வைத்து ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவுக்கு வராதீர்கள். இந்த நோயில் வருங்காலத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவது திசு அறிக்கைதான். நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா என்ற இரண்டும் சேர்ந்து தராசின் பெரும்பாரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரத்த எண்கள் அதன்மேல் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கிரியேட்டினினும் ஹீமோகுளோபினும் வேறு வகையில் முக்கியம். அவற்றுக்கு இந்த வாரமே ஏதாவது செய்ய முடியும். 5.6-க்கு எதுவும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

திசுவிலிருந்து தொடங்குவோம். சிறுநீர்ப்பையின் உள்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய இணைப்புத்திசு அடுக்கு, அதற்குப் பின்னால் பை சுருங்கி விரிய உதவும் தடித்த தசை, அதைச் சுற்றிக் கொழுப்பு. ஆழத்தை ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு எண் சேர்த்துக் குறிப்பார்கள். நோய் தசைக்குள் போயிருந்தால் டி2. கொழுப்பைத் தொட்டால் டி3. ஆண்களில் புராஸ்டேட், விந்துப்பை என்று பக்கத்து உறுப்புக்குள் போனால் டி4. சுரண்டி எடுத்த துண்டுகளில் ‘குறைந்தது டி2’ என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. துண்டுகள் எந்த ஆழத்திலிருந்து எந்தப் பக்கமாக வந்தன என்று அடையாளம் இருக்காது. துண்டில் கொழுப்பு தெரிந்தாலும் அது டி3 ஆகிவிடாது. தசைக்கு முந்திய அந்த மெல்லிய அடுக்கிலேயே சிலருக்குக் கொழுப்பு அணுக்கள் இருக்கும். அதனால் உங்கள் கையில் உள்ள அறிக்கை, நோய் தசையைத் தொட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. மீதி ஆழம் சி.டி. ஸ்கேனில் ஓரளவும், பையை எடுத்து வெட்டிப் பார்த்த பிறகு முழுதாகவும் தெரியும்.

‘தசை’ என்ற அந்த ஒரு சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. அந்த மெல்லிய இணைப்புத்திசு அடுக்கிலேயே நூலிழை போன்ற சிறு தசைக்கற்றைகள் இருக்கின்றன, பெயர் மஸ்குலாரிஸ் மியூகோசே. நோய் அதற்குள் போயிருந்தால் அது இன்னும் டி1தான், அதாவது தடித்த தசையைத் தொடாத நிலை, வைத்தியமே வேறு. தடித்த கற்றைகளுள்ள மஸ்குலாரிஸ் ப்ரோப்ரியாவுக்குள் போனால்தான் டி2. துண்டு கருகியிருந்தாலோ, முன்பே ஒருமுறை சுரண்டிய இடமாக இருந்தாலோ, மெல்லிய கற்றை தடித்ததுபோலத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே அறிக்கையில் ‘மஸ்குலாரிஸ் ப்ரோப்ரியா இன்வேடட்’ என்று தெளிவாக இருக்கிறதா, அல்லது வெறுமே ‘மசில் இன்வேஷன்’ என்று முடிந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் எந்தத் தசை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பையை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவே இந்த இரண்டு சொல்லில் தொங்குகிறது.

ஆழத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு பழைய, ஆனால் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கணக்கு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் பை அகற்றப்பட்ட 1,054 பேரைப் பற்றிய ஆய்வு 2001-ல் வந்தது. கணுக்களில் நோய் இல்லாமல் தசையோடு நின்றவர்களில், தசையின் மேற்பாதியா கீழ்ப்பாதியா என்பதைப் பொறுத்து, நோய் திரும்பாமல் ஐந்து வருடம் கடந்தவர்கள் 89 முதல் 78 சதவீதம். கொழுப்புக்குப் போனவர்களில் 62, பக்கத்து உறுப்புக்குப் போனவர்களில் 50. கணுக்களில் நோய் இருந்தவர்களில் 35. இந்தப் படிக்கட்டைத்தான் நான் உறுதி என்கிறேன். வெவ்வேறு நாட்டுக் கணக்குகளில் சதவீதம் ஏறி இறங்கினாலும் படிகளின் வரிசை மாறுவதில்லை. கணு பாதித்தவர்களிலும் மூன்றில் ஒருவர் தப்பியிருப்பதையும் கவனியுங்கள். இவை ஆபரேஷனைத் தாங்குவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்கள், கைதேர்ந்த ஒரே மருத்துவமனையின் எண்கள் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

ஆழத்துக்கு அடுத்து அந்த அறிக்கையில் நான் தேடுவது ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் நோய் அணுக்கள் நுழைந்திருக்கிறதா என்பதை. எல்.வி.ஐ. என்று சுருக்கி எழுதுவார்கள். இருந்தால் கணுக்களுக்குப் போயிருக்கும் வாய்ப்பு கூடுதல், இதில் ஐயமில்லை. ஐயம் எங்கே வருகிறது என்றால், திசு கெடாமல் போட்டுவைக்கும் ஃபார்மலின் திரவத்தில் அது சுருங்கும்போது கட்டிக் கூட்டத்தைச் சுற்றி ஒரு வெள்ளை இடைவெளி விழும். பார்க்கிறவர் கண்ணுக்குக் குழாய்போலவே இருக்கும். உள்சுவரில் தட்டையான அணுக்கள் தெரிய வேண்டும், சந்தேகமென்றால் சிடி31 போன்ற சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ‘சஸ்பீஷியஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை ‘உண்டு’ என்று படிக்காதீர்கள்.

கட்டியின் வகையும் பேசும். பெரும்பாலானவை சாதாரண யூரோதீலியல் வகை. அதற்குள் மைக்ரோபாப்பிலரி, பிளாஸ்மாசைட்டாய்டு, சார்கோமட்டாய்டு என்று சில உருவங்கள் கலந்திருந்தால் நோய் வேகமானது, பெரும்பாலும் ஸ்கேனில் தெரிவதைவிட முன்னே போயிருக்கும். ஸ்மால் செல் வகை இருந்தால் கீமோ மருந்தே மாறும், அதனால் அதைத் தவறவிடக் கூடாது. அறிக்கையில் வகை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், இல்லை என்று பொருளா, பார்க்கவில்லை என்று பொருளா என்பது தெரியாது. கேட்டுவிடுங்கள்.

இனி அந்த 5.6. இதற்கு என்.எல்.ஆர். என்று பெயர், நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தது. கட்டி உடலில் அழற்சியைக் கிளப்பும்போது நியூட்ரோபில் ஏறும், எதிர்ப்புக்கு உதவும் லிம்போசைட் இறங்கும். ஆகவே விகிதம் உயர்ந்தால் நோய் வலுத்திருக்கிறது என்பது இதன் பின்னுள்ள எண்ணம். எண்ணம் தவறில்லை. பையை எடுத்தவர்களின் பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்த பல ஆய்வுகளில், விகிதம் கூடியவர்கள் குறைந்த காலம் வாழ்ந்ததாக வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆய்வும் தன் எண்களுக்கு வசதியான கோட்டைத் தானே கிழித்துக்கொண்டது. ஒன்றில் 2.5, இன்னொன்றில் 3, வேறொன்றில் 5. அப்படிக் கிழித்த கோடு வேறு ஊர் நோயாளிகளிடம் கொண்டுபோனால் அதே அளவு நிற்காது. மேலும் விகிதம் கூடியவர்களுக்கு நோயும் ஆழமாக இருக்கிறது. ஆழத்தைக் கணக்கில் சேர்த்த பிறகு இந்த எண் தனியாகச் சொல்ல மிஞ்சுவது கொஞ்சம்.

கொஞ்சம்கூட மிஞ்சாமல் போனதும் உண்டு. அமெரிக்காவில் ஸ்வாக் 8710 என்று ஒரு ஆய்வு, ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுப்பதையும் நேரே ஆபரேஷன் செய்வதையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டது. கீமோ வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம்) 77 மாதம், வாங்காதவர்களுக்கு 46 மாதம் என்று 2003-ல் வெளியானது. அதே நோயாளிகளின் என்.எல்.ஆர். எண்களைப் பிற்பாடு எடுத்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். யார் அதிக நாள் வாழ்வார்கள் என்பதையும் அந்த எண் சொல்லவில்லை, யாருக்குக் கீமோ பலன் தரும் என்பதையும் சொல்லவில்லை. முறையாக நடந்த ஆய்வில் இப்படித் தோற்ற ஒரு குறியை வைத்து ஒரு மனிதரை ஆபரேஷன் மேசையிலிருந்து இறக்குவதை நான் ஏற்க மாட்டேன். தட்டணுக்களையும் சேர்த்துப் பெருக்கும் எஸ்.ஐ.ஐ., தட்டணுவை லிம்போசைட்டால் வகுக்கும் பி.எல்.ஆர். எல்லாம் இதே குடும்பம், இதே பலவீனம்.

உங்கள் வாப்பாவின் எண்ணையே கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 9,800-ல் 78 சதவீதம் என்றால் நியூட்ரோபில் சுமார் 7,640. 14 சதவீதம் என்றால் லிம்போசைட் சுமார் 1,370. லிம்போசைட் இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கிறது; விகிதத்தை ஏற்றிவிட்டது சற்றே கூடிய நியூட்ரோபில்தான். அது ஏன் கூடாது? ஐந்து நாளுக்கு முன் உள்ளே சுரண்டியிருக்கிறார்கள், டியூப் இருக்கிறது, சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கின்றன. கட்டியே இல்லாத ஒருவருக்கு இதே மூன்றும் இருந்தாலும் 5 வரலாம். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒரு டோஸ் போனாலும் ஏறும், கீமோவுக்குப் பின் வெள்ளையணுவை ஏற்றப் போடும் ஊசியாலும் ஏறும். வைரஸ் காய்ச்சலில் நியூட்ரோபில் சரிந்து விகிதம் பொய்யாகவே நல்லதாகத் தெரியும். ஆகவே இந்த எண்ணைப் பார்த்தே தீருவது என்றால், டியூப் எடுத்து, தொற்று அடங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து, ஸ்டீராய்டு இல்லாத நாளில், ஒரே லேபில் இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கோ ஒளிந்திருக்கும் தொற்றைத் தேடவாவது உதவும்.

நம் கரைப்பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் என்று எங்கே ரத்தம் எடுத்தாலும் பல சோதனைகள் எடுத்த இடத்தில் நடப்பதில்லை. சேகரிப்பு மையத்தில் குத்தி, ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அனுப்புகிறார்கள். அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய், வெயிலில் பையில் கிடந்து மாலையில் மெஷினுக்குப் போனால், மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறாது. ஆனால் நியூட்ரோபில் சிதைய ஆரம்பித்து, மெஷின் அணுக்களை வகை பிரிப்பதில் தடுமாறும். அணுக்களுக்குள் இருக்கும் எல்.டி.ஹெச். என்ற நொதியின் சோதனை இன்னும் மோசம்: ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் சீரத்தைச் சீக்கிரம் பிரிக்காமல் விட்டாலோ வழியில் சிவப்பணு உடைந்தாலோ, அதற்குள்ளிருக்கும் எல்.டி.ஹெச். கசிந்து எண் எகிறிவிடும். பொட்டாசியமும் அப்படியே. அறிக்கையின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ (சிவப்பணு உடைந்தது) என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த எண்ணைத் தூக்கி ஓரமாக வையுங்கள். முடிவெடுக்க உதவ வேண்டிய ரத்தத்தை, பரிசோதனை நடக்கும் இடத்திலேயே போய்க் கொடுப்பது நல்லது.

ஹீமோகுளோபின் 9.4 பற்றி. ரத்தசோகை உள்ளவர்களுக்கு முடிவு சற்று மோசம் என்பது பல கணக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அது நோயின் வலுவைக் காட்டுகிறதா, வாரக்கணக்கில் சிறுநீரில் போன ரத்தத்தைக் காட்டுகிறதா என்று பிரிப்பது கடினம். இணையத்தில் தேடினால் ‘ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், கல்லீரலில் பரவல், உடல்நிலைத் தளர்ச்சி’ என்று மூன்றை எண்ணி மாதக் கணக்கில் ஆயுள் சொல்லும் ஒரு அட்டவணை கிடைக்கும். 2010-ல் வந்த அது, நோய் உடலெங்கும் பரவி முதல் கீமோவும் தோற்றவர்களுக்கானது. உங்கள் வாப்பா அந்த இடத்தில் இல்லை, அதை அவர்மேல் வைத்துப் படித்துக் கலங்க வேண்டாம். செய்ய வேண்டியது, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), இரும்புச் சத்து அளவு பார்த்து, குறைந்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்னரே ஈடுகட்டுவது. சில வாரம் இருந்தால் நரம்பு வழி இரும்பு ஊசி வேலை செய்ய நேரம் கிடைக்கும், ஆபரேஷனன்று ஏற்றும் ரத்தப் பையும் குறையும்.

அல்புமின் 3.2 என்பதைச் சாப்பாட்டுக் குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அழற்சி இருந்தால் கல்லீரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்து, சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைக் கூட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பெண்ணில், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 1, கூடவே அல்புமின் 3.5-க்குக் கீழ் இருந்தால் 2. சில லேபுகள் சி.ஆர்.பி.யை டெசிலிட்டர் கணக்கில் போடுவார்கள், அங்கே 1.2 என்றால் இங்கே 12. அலகைப் பார்க்காமல் ‘நார்மல்’ என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ரத்தக் குறிகளில் அல்புமினுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன், காரணம் அது ஆபரேஷனுக்குப் பிறகு தையல் ஆறுவது, தொற்று, எழுந்து நடமாடுவது ஆகியவற்றோடு நேரடியாகத் தொடர்புள்ளது. மீனும் முட்டையும் தினமும் கொடுங்கள், காலை மாலை நடக்க வையுங்கள். கிரியேட்டினின் கூடியிருக்கிறதே என்று நீங்களாகப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். சிகரெட் இன்றோடு நிற்க வேண்டும்.

கிரியேட்டினினுக்கு வருவோம், உங்கள் கடிதத்திலேயே என்னை நிறுத்தியது இந்த எண்தான். 1.3 என்றால் ‘லேசாகக் கூடுதல்’ என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: 140-லிருந்து வயது 64-ஐக் கழித்தால் 76. அதை எடை 54-ஆல் பெருக்கினால் 4,104. கிரியேட்டினின் 1.3-ஐ 72-ஆல் பெருக்கினால் 93.6. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு வரும், நிமிடத்துக்குச் சுமார் 44 மில்லி. ஒல்லியான வயதானவருக்கு 1.3 என்பது சிறுநீரகம் பாதியளவே வேலை செய்கிறது என்று பொருள். ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோவில் ஆணிவேர் சிஸ்பிளாட்டின். அதை முழு அளவில் கொடுக்க வழக்கமாக 60 வேண்டும். இதே மனிதருக்குக் கிரியேட்டினின் 0.9-க்கு இறங்கினால் கணக்கு 63 என்று வரும், கதவு திறந்துவிடும். ஆக 1.3-க்கும் 0.9-க்கும் இடையில் இருப்பது ஒரு முழு வைத்தியம். பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கில், முன்கீமோ ஐந்து வருடத்தில் நூறில் ஐந்து பேரைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது.

ஏன் 1.3 என்று தேடுங்கள். கட்டி சிறுநீர்க்குழாயின் வாயை அடைத்து, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேனில் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று எழுதியிருக்கும். இருந்தால் இரண்டு செய்தி அதில் உண்டு: நோய் தசையைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு கூடுதல், அடைப்பை நீக்கினால் கிரியேட்டினின் இறங்கும் வாய்ப்பும் கூடுதல். முதுகு வழியாகக் குழாய் போட்டோ ஸ்டென்ட் வைத்தோ வடியவிட்டு, சில நாள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அடைப்பு இல்லையென்றால், மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை, சர்க்கரை, பிரஷர், தண்ணீர் குறைவு எல்லாவற்றையும் கேளுங்கள். நோன்பு நாளில் அஸர் (மாலைத் தொழுகை) நேரத்துக்குப் பிறகு கொடுத்த ரத்தமாக இருந்தால் காலையில் மறுபடி கொடுப்பதே நியாயம். எவ்வளவு முயன்றும் 40, 50-லேயே நின்றுவிட்டால் சிஸ்பிளாட்டினைப் பிரித்துக் கொடுக்கலாமா, நேரே ஆபரேஷனா, அல்லது பையை வைத்துக்கொண்டே கதிர்வீச்சோடு கீமோ கொடுக்கலாமா என்பதை மதுரையில் யூராலஜி, கேன்சர் டாக்டர் இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். கடைசி வழியில், 2012-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் மைட்டோமைசினும் 5-ஃப்ளூரோயூராசிலும்தான் கொடுத்தார்கள், சிஸ்பிளாட்டின் தேவைப்படவில்லை. ஆனால் சிறுநீரகம் வீங்கியிருந்தால் அந்த வழிக்குப் பொதுவாகத் தயங்குவார்கள்.

எல்லா எண்களையும் சேர்த்துப் போட்டுக் கணிக்கும் நோமோகிராம்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். 2006-ல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரத்திலிருந்து ஒன்று செய்தன. வயது, பால், ஆழம், கணு, கட்டி வகை, கண்டுபிடித்ததிலிருந்து ஆபரேஷன்வரை ஆன காலம் எல்லாம் அதில் உண்டு. ரத்தக் குறி கிடையாது. இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொண்டு யாருக்கு முதலில் நோய் திரும்பும் என்று கேட்டால், நூற்றுக்கு 75 முறை அது சரியாகச் சொல்லும். வழக்கமான ஸ்டேஜ் மட்டும் வைத்துச் சொன்னால் 68 முறை. காசைச் சுண்டினாலே 50 முறை சரியாக வரும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை பேரின் விவரம் சேர்ந்தும் நாலில் ஒருமுறை தவறுகிறது. அதுவும் பையை எடுத்த பிறகு போடும் கணக்கு; இப்போது உங்கள் கையில் இருக்கும் பயாப்சி அறிக்கையை வைத்துப் போட முடியாது. எனவே ‘இத்தனை வருடம்’ என்று இன்று உங்களிடம் சொல்கிறவர் யாராயிருந்தாலும் ஊகித்துத்தான் சொல்கிறார்.

ரத்தத்தில் உண்மையிலேயே நம்பிக்கை தரும் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அது வேறு வகை. கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைத் தேடுவது. பையை எடுத்த பிறகும் அது ரத்தத்தில் தெரிந்தால் நோய் எங்கோ மிஞ்சியிருக்கிறது, பெரும்பாலும் திரும்பும். தெரியாதவர்களுக்கு நிலைமை கணிசமாக நல்லது. அது தெரிந்தவர்களுக்கு மட்டும் அடிசோலிசுமாப் என்ற, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்த ஐ.எம்.விகோர் 011 ஆய்வில், கொடுத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாக 2025-ல் வெளியானது. நோயாளியின் கட்டித் திசுவைக் கொண்டே தனித்தனியாகச் சோதனையை வடிவமைக்க வேண்டும், செலவு பெரிது, மருந்தின் விலை அதைவிடப் பெரிது. இப்போதைக்கு இதற்காகக் கடன் வாங்காதீர்கள். கி-67, பி53, மூலக்கூறு வகை என்று பேக்கேஜ் போட்டு விற்கும் சோதனைகளும் இன்றைய முடிவை மாற்றாது.

இப்போது செய்ய வேண்டியது ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்குகளையும் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகள்) லேபிலிருந்து வாங்கி இன்னொரு பெரிய இடத்தில் காட்டுவது. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில், இந்த வகைக் கட்டிகளையே தினம் பார்க்கிற நோயியல் நிபுணர்கள் உண்டு. ஸ்லைடு மட்டும் போதாது. புதிய சாயம் போட பிளாக் வேண்டும். பிளாக்கில் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள பயாப்சி எண்ணும் ஒன்றா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள். பிளாக் மெழுகுதான், சுமார் 56 டிகிரியில் உருகத் தொடங்கும்; சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்தால் இளகிவிடும். பஞ்சு சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். இதற்காக ஆபரேஷன் தள்ளிப்போகக் கூடாது: கீமோ இல்லாமல் நேரே ஆபரேஷன் என்றால், நோய் உறுதியானதிலிருந்து 12 வாரத்தைத் தாண்டினால் முடிவு மோசமாகிறது என்று பல கணக்குகள் காட்டுகின்றன. இரண்டாம் கருத்துக்கு ஓடுவதும் இரும்பு ஊசியும் கிரியேட்டினின் சரிசெய்வதும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

பையை எடுத்த பிறகு வரும் அறிக்கைதான் உங்கள் கேள்விக்கு ஓரளவு பதில் வைத்திருக்கும். அதில் முதலில் டி எண்ணைப் பாருங்கள். முன்கீமோ வாங்கியிருந்தால் எண்ணுக்கு முன் ஒரு ‘ஒய்’ சேர்ந்திருக்கும், ஒய்.பி.டி.0 என்றால் பையில் நோயே மிஞ்சவில்லை, இந்த நோயில் கிடைக்கக்கூடிய மிக நல்ல செய்தி அதுதான். ஸ்வாக் ஆய்வில் கீமோ வாங்கியவர்களில் 38 சதவீதத்தினருக்கு அப்படி வந்தது. அடுத்து, எத்தனை கணுக்கள் கிடைத்தன, அதில் எத்தனையில் நோய் என்பது. பத்துக்குக் கீழ்தான் கிடைத்தன என்றால் ‘கணுவில் நோயில்லை’ என்பதை முழுசாக நம்ப முடியாது. குறைவாக எடுத்திருக்கலாம், அல்லது கொழுப்புக்குள் குறைவாகத் தேடியிருக்கலாம். பின்னது என்றால் மீதமுள்ள திசுவில் இன்னும் தேடச் சொல்லலாம், அந்த ஜாடியைச் சில வாரம் வைத்திருப்பார்கள். மூன்றாவது வெட்டு விளிம்பு: பையைச் சுற்றிய கொழுப்பின் விளிம்பில் நோய் இருந்தால் நிலைமை கடினம். கொழுப்புவரை போயிருந்தாலோ கணுக்களில் இருந்தாலோ, பிறகு நிவோலுமாப் (இதுவும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுப்பது நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது என்று 2021-ல் ஆய்வு வந்தது. விலையைக் கேட்டுக்கொண்டு பேசுங்கள். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்பும், ஆகவே அந்தக் காலத்து ஸ்கேன்களைத் தவறவிடாதீர்கள்.

அந்த அறிக்கையின் கடைசியில் புராஸ்டேட்டிலும் ஒரு சிறு புற்றுநோய் இருந்ததாக ஒரு வரி வந்தால் திடுக்கிட வேண்டாம். இந்த வயதில் பையோடு சேர்த்து எடுக்கும் புராஸ்டேட்டில் அது அடிக்கடி தற்செயலாகத் தட்டுப்படும். கிளீசன் 6 என்று (புராஸ்டேட் புற்றுநோயின் வேகத்தைக் காட்டும் மதிப்பெண்), விளிம்பைத் தொடாமல் இருந்தால், அதற்கென்று தனி வைத்தியம் பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீர்ப்பைக் கட்டியே புராஸ்டேட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் அது வேறு விஷயம், அது டி4. இரண்டில் எது என்பதை டாக்டரிடம் அறிக்கையை வைத்துக்கொண்டே கேளுங்கள்.